இரு பாதமும் தரையில் இல்லாத கணம்

பதின்மூன்றாம் வயதில் ஹெலேரிக்கு
ஓடத் தெரியாமல் போயிற்று.
நான் சொல்லவில்லை, திரை சொன்னது:
இடது முழங்கால் உள்ளே சாய்கிறது,
கைகள் ஒன்று முந்தி ஒன்று பிந்தி
இரவல் சட்டைபோல் தோளில் தொங்குகின்றன.
ஓராண்டில் ஒன்பது சென்டிமீட்டர்.
தொடையெலும்பு சொல்லாமல் கிளம்பிவிட்டது,
தசை பின்னாலேயே மூச்சிரைக்க வருகிறது,
மூளைக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

தார்த்து நகரில், எமாயேகி ஆற்றுக்கு
இரண்டு தெரு தள்ளி, நிலவறையில் எங்கள் கூடம்.
எட்டு கேமரா, ஓர் ஓடுபொறி,
சுவரில் யாரோ ஒட்டிய முயல் படம்.
என் வேலையும் ஒட்டுவதுதான்:
கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள்,
ஒளி பட்டால் மின்னும் பொட்டுகள்.
விளக்கணைத்ததும் பிள்ளை மறைந்துவிடும்.
கறுப்பில் ஓடுவது புள்ளிகள் மட்டும்.

முதலில் வந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு மாதம்.
அம்மா திரீனு எதிரில் மண்டியிட்டு
ஒரு சிவப்புக் காலுறையை ஆட்டினாள்.
வந்தாள்: யாரோ துப்பாக்கி நீட்டியதுபோல்
இரு கையும் மேலே,
கால் அகண்டு, முழுப் பாதமும் சப்புச் சப்பென்று,
நிற்கத் தெரியாமல் நேராக அம்மாவின் வயிற்றில்.
"ஓடிட்டா!" என்றாள் திரீனு.
நான் 'வேகநடை' என்று குறித்தேன்.
இரு பாதமும் தரையில் இல்லாத
ஒரு கணமாவது வேண்டும் ஓட்டத்துக்கு.
அன்று என்னிடம் விடைபெறாமல் போனாள் திரீனு.

நான்கு மாதம் கழித்து அந்தக் கணம் வந்தது.
நொடியில் இருபதில் ஒரு பங்கு.
படம் படமாய் நகர்த்தித் தேடினேன்.
பாதத்தின் அடியில் ஒரு கீற்று வெளிச்சம்,
ரொட்டியில் தடவிய வெண்ணெயின் கனம்கூட இருக்காது.
எழுந்துபோய்த் தேநீர் போட்டுக்கொண்டேன்.
திரீனுவுக்குப் போன் செய்ய
அன்று விதியில் இடமில்லை. செய்தேன்.

பிறகு கைகள் தாமாகவே இறங்கின.
வலக்காலுக்கு இடக்கை என்று
யார் முன்னிலையில் பேசி முடித்தார்களோ.
ஏழில் குதிகால் பின்னால் மடிந்து
பாவாடையின் ஓரத்தைத் தட்டியது.
ஒன்பதாம் வயதுக் கோப்பு காலி:
அந்த ஆண்டு அப்பா வேலைதேடிப் பின்லாந்து போனார்,
வீட்டுத் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை.
பத்தில் வந்தாள். வரைபடத்தில்
குறித்துவைக்க ஒன்றுமே இல்லை,
அத்தனை சுத்தம்.

அதனால்தான் பதின்மூன்று என்னைத் தாக்கியது.
அவளையும். திரையை எட்டிப் பார்த்து
"இது நானா?" என்றாள்.
என் விரலெல்லாம் பசை.
"வாத்து மாதிரி இருக்கு."
மறுபடி ஓடினாள், தன் முழங்காலையே பார்த்தபடி.
பார்க்கப் பார்க்கக் கால் பின்னியது.
பொட்டுகளைத் தானே பிய்த்து
மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டுப் போனாள்.
எண்ணிப் பார்த்தேன், ஒன்று குறைந்தது.

பதினான்கில் வரவில்லை.
பதினைந்தில் வரவில்லை.
'விலகினார்' என்று ஒரு கட்டம் உண்டு,
அதை நிரப்பாமல் வைத்திருந்தேன்.

மார்ச் மாதம், பாதி உருகிய பனி,
தெருவெல்லாம் சாம்பல் கஞ்சி.
நிறுத்தத்தில் நின்றிருந்தேன். பேருந்து வந்துவிட்டது.
எதிர்ச்சாரியிலிருந்து ஒருத்தி ஓடிவந்தாள்.
ஒற்றைத் தோளில் புத்தகப்பை இடுப்பில் மோத,
ஒரு கையில் கைப்பேசி, மறுகைதான் வீசுகிறது,
ஓட்டுநரைப் பார்த்துக் கத்திக்கொண்டே, சிரித்துக்கொண்டே.
எட்டு நீளம். காலடி குறைவு.
இடது முழங்கால் இன்னும் கொஞ்சம் உள்ளேதான்.
வாய் தன்பாட்டில் எண்ணத் தொடங்கியது,
மூன்றாம் அடியில் எண்ணிக்கை தப்பிவிட்டது:
குளம்போல் தேங்கிய நீருக்கு மேலே
அவள் இருந்தாள், கீழே எதுவும் இல்லை,
நீரில் அவள் காலணியின் அடிப்புறம் தெரிந்தது.

ஓட்டுநர் கதவைத் திறந்தார். ஏறினாள்.
கதவு மூடி, பேருந்து திரும்பி, பாலத்தில் மறைந்தபின்தான்
அது எனக்கான பேருந்தும் என்பது
நினைவுக்கு வந்தது.